மூன்று நீலச் சுருள்கள்

போன மாதம் விமலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் பிரிவில் ஆக இளையவளாக இருந்தவள். இப்போது அவளுக்கே ஓய்வு நெருங்கிவிட்டது. எங்கள் ஆவணப் பிரிவை மூடப் போகிறார்களாம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிடுவதால் பைண்டிங்குக்குக் காகிதமே வருவதில்லை என்றாள்.

“ஸ்டோரைக் காலி பண்ணினோம் மேடம். ரெண்டு பெட்டி நிறைய ஸ்பைரல் காயில் இருக்கு. அத்தனையும் நீலம். இவ்ளோ நீலம் ஏன் மிச்சமாச்சுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை.”

எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. ஆலைத் தமிழர் மன்றத்தின் ஆண்டு மலரை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். “அந்தக் காலத்துல காயில் எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், சுவாரசியமா இருக்கும்” என்றாள். சுவாரசியமாக இருக்குமா என்று தெரியவில்லை. ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டதும் அதில் என் கை இருந்ததும் இந்தக் காயில் கதையில்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

எங்களுடையது மத்திய அரசு நிறுவனம். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய வால்வுகள் செய்தோம். செகந்திராபாத்தில் லோத்குண்டாவிலிருந்து காலையில் கம்பெனி பஸ் ஏறினால் உப்பல் தாண்டி ஆலை வாசலில் இறக்கிவிடும். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். டைப் அடிக்கும் வேகம் போதாது என்று இரண்டே வருடத்தில் ஆவணப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. நானும் வரவில்லை. ஆலை முழுக்க எனக்கு ‘பைண்டிங் அம்மா’ என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பைண்டிங் அம்மா.

பிரிவின் தலைவர் ஹமீது சார். ஐதராபாத் பழைய நகரத்துக்காரர். மனைவி வழியில் செகந்திராபாத் தமிழர்களோடு பழக்கம் உண்டு என்பதால் அரைகுறைத் தமிழ் பேசுவார். மேசையில் எப்போதும் ஈரப் பஞ்சு வைத்த ஒரு கிண்ணம் இருக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அவருக்கு ஆகாது. ஒருமுறை ஒரு சீனியர் மேனேஜரே எச்சில் தொட்டபோது, கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மேனேஜர் அடுத்த பக்கத்தைப் பஞ்சில் தொட்டுத்தான் புரட்டினார்.

அவர் எனக்குச் சொன்ன முதல் விதி, படிக்கக் கூடாது என்பது. எங்களிடம் வருவதில் ரகசியமானவையும் இருக்கும். பாதுகாப்புத் துறைக்குப் போகும் வால்வுகளின் கணக்குகள் இருக்கும். “நம்ம கண்ணு நம்பருக்கு மட்டும், ரோஸ்லின் அம்மா. உள்ளே என்னா இருக்கு, நமக்குக் கைக்கு, எதுக்கு?” என்பார். பக்க எண் வரிசையாக இருக்கிறதா, தலைகீழாக ஏதும் இருக்கிறதா, மொத்தம் எத்தனை. இவ்வளவுதான் எங்கள் வேலை. சில வருடங்களில் எனக்கு எழுத்தே கண்ணில் படாமல் போயிற்று. ஆங்கிலப் பக்கத்தைக் கையில் எடுத்தால் கீழ் மூலையில் உள்ள எண் மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அப்போதெல்லாம் நூல் தையல்தான். எண்பதுகளின் தொடக்கத்தில்தான் பிளாஸ்டிக் சுருள்கள் வந்தன. ஒரு வியாபாரி அட்டைப் பெட்டியில் மாதிரிகள் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ஹமீது சார் ஒரு சுருளைப் பல்லி வாலைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“நக்கோ, வேணாம் அம்மா. தாகா, நூல் போட்ட கிதாபுல ஒரு பக்கம் போனா, போன எடம் தெரியும். இதுல தெரியுமா?”

“தெரியாட்டி என்ன சார்? மாத்தப் போறது நாமதானே” என்றேன்.

எனக்கு என் நியாயம் இருந்தது. பராமரிப்புக் கையேடு ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் திருத்தப் பக்கங்கள் வரும். தைத்த புத்தகத்தைப் பிரித்து, பழைய பக்கத்தை எடுத்து, புதியதை வைத்து மறுபடி தைக்க அரை நாள் போய்விடும். சுருள் என்றால் வளைத்த முனையை வெட்டி, சுழற்றி உருவி, பக்கத்தை மாற்றி, வேறொரு சுருளை ஏற்றிவிடலாம். பத்து நிமிட வேலை. இதை ஜெனரல் மேனேஜர் முன்னால் செய்து காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். ஹமீது சார் கையெழுத்துப் போட்டார்.

“ஹவ், சரி, உன் இஷ்டம். ஆனா சீட்டு இல்லாம ஒரு பக்கம் மாறக் கூடாது.”

அப்படித்தான் திருத்தச் சீட்டு வந்தது. பக்கத்தை எழுதியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒன்று, பிரிவுத் தலைவர் ஒன்று. எடுத்த பழைய பக்கத்தைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். எத்தனை அவசரமானாலும் மூன்று கையெழுத்து இல்லாமல் அவர் வெட்டுக் குறட்டைத் தொட விட்டதில்லை.

சுருளைத் தேர்ந்தெடுப்பது சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செய்து பார்த்தால் தெரியும். சுருள் சின்னதானால் பக்கம் திரும்பாது, துளை கிழியும். பெரியதானால் புத்தகம் தொளதொளவென்று ஆடும், அலமாரியில் நிற்காது. மட்டமான பிளாஸ்டிக் ஐதராபாத் வெயிலுக்கு மே மாதமே நொறுங்கிவிடும். வந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இரு விரலால் நசுக்கிப் பார்ப்பேன். நல்லதென்றால் விட்டவுடன் வட்டத்துக்குத் திரும்பும். மட்டமானது வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே கிடக்கும்.

அளவில்தான் முதலில் தடுமாறினேன். காகிதக் கட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு விட்டமுள்ள சுருளைப் போட்டுவிட்டு, ஏன் மாட்டவில்லை என்று முழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சபாபதி சார் ஏதோ ரிப்போர்ட் கொடுக்க எங்கள் அறைக்கு வந்தார். சோதனை மேடையில் ஆய்வாளர். ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர். ஒரு வால்வு ஆலையை விட்டுப் போக வேண்டுமென்றால் அவர் அழுத்தம் ஏற்றிப் பார்த்து எழுத வேண்டும்.

“ஏம்மா, கழுத்தளவுக்கே சட்டை தச்சா பொத்தான் எப்படிப் போடறது? மூணு மில்லி கூட வெச்சுப் பாரு” என்றார்.

மறு வாரம் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு கொண்டுவந்து தந்தார். கழிவுத் தகட்டில் அவரே வெட்டியது. ஓரம் முழுக்க வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் சுருளின் அளவு பொறித்திருந்தது. காகிதக் கட்டை அழுத்திப் பிடித்து எந்த வெட்டில் நுழைகிறது என்று பார்த்தால் போதும், அந்த மூன்று மில்லியை அவரே கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார். ஒவ்வொரு வெட்டின் அருகிலும் பச்சை மையில் ஒரு சின்ன வட்டம். அது அவர் பழக்கம். தானே அளந்து பார்த்துச் சரியென்று பட்டால்தான் அந்த வட்டத்தைப் போடுவார். இல்லையென்றால் யார் சொன்னாலும் போட மாட்டார்.

நிறங்களையும் நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் பிரித்தோம். சோதனை ரிப்போர்ட்டுக்குக் கறுப்பு. பராமரிப்புக் கையேட்டுக்கு நீலம். வரைபடப் பட்டியலுக்கு வெள்ளை. ரகசியமானவற்றுக்குச் சிவப்பு. அலமாரியைத் திறந்தால் தூரத்திலிருந்தே எது என்ன என்று தெரியும். இது எங்கள் அறைக்கும் சோதனை மேடைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மேலே இருந்தவர்களுக்குச் சுருள் என்றால் சுருள்தான்.

ஹமீது சார் ஓய்வு பெற்று நான் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அது நடந்தது.

வெளி மாநிலத்து ஆலை ஒன்றில் எங்கள் வால்வு வெடித்து ஓர் ஆபரேட்டர் இறந்துபோனார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பையன் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். செய்தி வந்து பத்து நாள் இருக்கும். மாலை பஸ்ஸுக்கு அரை மணி இருந்தபோது ஒரு பெரிய அதிகாரி எங்கள் அறைக்குள் வந்தார். அந்த அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு அதுவரை தெரிந்திருக்காது. கையில் ஒரே சோதனை ரிப்போர்ட்டின் மூன்று பிரதிகள், தனியாக மூன்று தாள்கள்.

“நாற்பத்தேழாம் பக்கத்தில் டைப்பிங் மிஸ்டேக். மாற்றிக் கொடு. காலையில் டெல்லியிலிருந்து விசாரணைக் குழு வருகிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“திருத்தச் சீட்டு சார்?”

“நாளைக்கு அனுப்புகிறேன். உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா?”

நான் படிக்கவில்லை. அது உண்மை. ஆனால் அது எந்த வால்வின் ரிப்போர்ட் என்பது அட்டையிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. அட்டையைப் பார்க்காமல் யாரும் பைண்டிங் செய்ய முடியாது. எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியும்.

குறட்டை எடுத்து முனைகளை வெட்டினேன். மூன்று கறுப்புச் சுருள்களையும் உருவினேன். பழைய நாற்பத்தேழை எடுத்து மேசையில் வைத்தேன். புதியதில் துளை போட்டு உள்ளே வைத்து, கட்டைத் தட்டி ஒழுங்கு செய்து, தகட்டில் அளவு பார்த்தேன். பதினான்கு மில்லி. உருவிய சுருளில் முனை போய்விடுவதால் மறுபடி போட முடியாது. பெட்டியைத் திறந்தால் பதினான்கில் கறுப்பு தீர்ந்துவிட்டிருந்தது. நீலம்தான் இருந்தது.

“கறுப்பு இல்லை சார். நாளைக்கு வந்துவிடும்.”

“ஏதாவது ஒன்றைப் போடு.”

நீலத்தைப் போட்டேன். முனைகளை வளைத்தேன். எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்றிலும் சரியாக இருந்தது. மேசையிலிருந்த பழைய பக்கங்களை அவரே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவை அலமாரிக்குப் போக வேண்டியவை என்று வாய் வரை வந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சீட்டு மறுநாள் வரவில்லை. போன் செய்தேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அதற்கு மறுநாளும் மீட்டிங்கில்தான் இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று கேட்பார்கள். இருக்கின்றன என்று சொல். சீட்டு இல்லாமல் பக்கம் மாற்றியது நீ. அதை மறந்துவிடாதே.”

உள்ளே டெல்லியிலிருந்து வந்த மூவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மேசையில் அந்த மூன்று பிரதிகள், நீலச் சுருளோடு. எதிரே சபாபதி சார் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தேழாம் பக்கத்தைத் தலைவர் உரக்கப் படித்தார். இரண்டாம் முறை அழுத்தம் ஏற்றியபோதும் வால்வு தாங்கியது, அனுப்பலாம் என்று இருந்தது.

“நான் எழுதியது இது இல்லை சார்” என்றார் சபாபதி சார். “இரண்டாம் முறை அழுத்தம் இறங்கியது. அனுப்பக் கூடாது என்று எழுதினேன். அதை மீறித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.”

“கடைசிப் பக்கத்தில் உள்ளது உங்கள் கையெழுத்துதானே?”

“கையெழுத்து என்னுடையது. அந்தப் பக்கம் என்னுடையது இல்லை.”

கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் எங்கே என்றார்கள். அது சோதனை மேடை அலமாரியிலிருந்து அதற்குள் காணாமல் போயிருந்தது. அப்புறம் தலைவர் என் பக்கம் திரும்பினார். பிரதிகளில் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு, முழுதாக இருக்கின்றன என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்தப் பொய்யும் அந்த உண்மை அளவுக்குக் கெடுதல் செய்ததில்லை.

சபாபதி சார் அப்போதுதான் மேசைமேல் இருந்த சுருளைக் கவனித்தார். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் சார்” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு என்ன கலர் சுருள் போடுவீர்கள்?”

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கிட்டார். “ஒரு ஆள் செத்திருக்கிறான். நீங்கள் பைண்டிங் நிறத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா? மேடம், நீங்கள் போகலாம்.”

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. பதில் சொல்ல வேண்டாம் என்றதும் மனசு இறங்கி உட்கார்ந்தது. இதை மறைத்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியே இருக்க வேண்டாம். கறுப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். கதவு வரை பத்து அடி இருந்தது. அந்தப் பத்து அடியிலும் சொல்லியிருக்கலாம். என் கணவரின் மில் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்கு வந்தது என் சம்பளம் ஒன்றுதான். இதெல்லாம் காரணம்தான். சபாபதி சாருக்கும் மனைவியும் காலேஜில் படிக்கும் மகனும் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் திருவிருந்து, மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. எங்கள் வரிசை எழுந்து போனபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் செல்லத்துரை திரும்பி வந்து காதோரம் கேட்டார்.

“ஏட்டி ரோசு, ஏன் எந்திரிச்சுப் போவல?”

“தல சுத்துது.”

“அடுத்த மாசம் போயிக்கலாம். தண்ணி குடிக்கியா?”

அடுத்த மாதமும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

சபாபதி சாரை இரண்டு கிரேடு இறக்கி, போல்ட்டும் நட்டும் வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். பையனைக் கொன்ற ஆய்வாளர் என்று ஆலையில் பெயராகிவிட்டது. கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்தால் மட்டும் முன்போலவே “சௌக்கியமாம்மா?” என்பார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நான் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். நீலச் சுருளை எடுப்பதையும் அதோடு நிறுத்தினேன். கையேடுகளுக்கும் வெள்ளையே போட்டேன். விமலா, உன் இரண்டு பெட்டி அப்படி மிஞ்சியதுதான்.

நான்கு வருடம் போயிற்று. அவர் ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காகிதக் கட்டோடு எங்கள் அறைக்கு வந்தார். தண்டனையை எதிர்த்து அவர் எழுதிய மனுக்கள், வந்த பதில்கள், மறு மனுக்கள். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் கைப்பட எண்ணும் பச்சை வட்டமும் போட்டிருந்தார்.

“எண்பத்திமூணு ஷீட் இருக்கும்மா. ஒண்ணாக் கட்டிக் குடு. இன்னும் ஒரே ஒரு மேல்முறையீடு பாக்கி இருக்கு.”

பழக்க தோஷத்தில் நான் அலுமினியத் தகட்டை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

“சுருள் வேண்டாம்மா. தையல் போட்டுடு.”

குரலில் ஒன்றுமில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னார். நான் தகட்டை மேசை டிராயருக்குள் வைத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வேகம் போதாது என்று தள்ளப்பட்டவளுக்கு அந்த ஒரு பக்கத்துக்கே முழு இடைவேளையும் பிடித்தது. அன்று மாலை யார் வந்தார், என்ன கொடுத்தார், எந்தப் பக்கத்தை எடுத்தேன், பழைய பக்கங்களை யார் கொண்டுபோனார், சீட்டு ஏன் இல்லை, கறுப்புக்குப் பதில் நீலம் ஏன் வந்தது. எல்லாவற்றையும் அடித்து, பெயர், பதவி, ஊழியர் எண் போட்டுக் கையெழுத்திட்டேன். அதை எண்பத்துமூன்றுக்கும் கீழே வைத்தேன். ஹமீது சார் விட்டுப்போன தகர டப்பாவில் குத்தூசியும் மெழுகு நூலும் கிடந்தன. ஓரத்தில் ஐந்து துளை போட்டு, எல்லாத் தாள்களையும் ஊடுருவி இரட்டை நூலில் தைத்து முடிச்சுப் போட்டேன். கை மறந்துவிட்டிருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

அவர் வந்து வாங்கியதும் நின்றபடியே எண்ணினார். ஆய்வாளர் அல்லவா, யார் கொடுத்தாலும் எண்ணாமல் வாங்க மாட்டார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“எண்பத்தினாலு இருக்கே.”

“இருக்கட்டும் சார்.”

“அன்னிக்கு எண்ணிக்கை சரியா இருந்தது. இன்னிக்குத்தான் ஒண்ணு கூடுது” என்றார்.

அப்புறம் கடைசித் தாளைப் புரட்டிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கும்மா. பென்ஷன் போயிடும். இதை எடுத்துடு.”

“தையல் சார். எடுத்தாத் தெரியும்.”

அவர் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்தார். “பசங்க என்ன படிக்கறாங்க?” என்று கேட்டார். சொன்னேன். நன்றாகப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மேலிடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். மேசை டிராயரைக்கூட ஒழித்து வைத்தேன். ஒரு மாதம், ஒரு வருடம். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு துணிந்து எழுதிக் கொடுத்ததை இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு நான் ஓய்வு பெற்றேன். முழுப் பென்ஷனோடுதான்.

அவர் இறந்த செய்தி தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

“அனுப்புங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேன்மா. அந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்னுட்டார். அப்பப்போ எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார். சரியா இருக்கு, போதும்னு மூடி வெச்சிடுவார்.”

திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த தாளின் கீழ் மூலையில் எண்பத்துநான்கு என்று அவர் கையால் எண் போட்டிருந்தார். பக்கத்தில் பச்சை மையில் அந்த வட்டம். அந்த அம்மாள் முன்னால் நான் அழுதேன். ஆறுதல் சொல்லப் போனவளுக்கு அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பக்கத்தை நானே அனுப்பியிருக்கலாம். டெல்லி முகவரி எனக்கும் தெரியும், தபால் பெட்டி எங்கள் தெருவிலும் இருந்தது. அனுப்புவதா வேண்டாமா என்கிற பாரத்தையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் என்னைக் காப்பாற்றுவார் என்று உள்ளுக்குள் எங்கோ எனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. அந்தச் சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே விமலா, காயில் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்டாய், எழுதிவிட்டேன். கட்டின் கனத்துக்கு மேல் மூன்று மில்லி வைக்க வேண்டும். இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் இந்த விவரங்களையெல்லாம் வெட்டிவிடு, வருத்தமில்லை. மன்றத்து மலர் பழைய ஆட்கள் எல்லோர் வீட்டுக்கும் போகும். அந்த பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒரு வரியை மட்டும் வெட்டாமல் போடு. சோதனை மேடை ஆய்வாளர் சபாபதி, நாற்பத்தேழாம் பக்கத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். அதை எடுத்தவள் நான்.